நாற்பத்தேழின் மனைவி

திருவனந்தபுரம் போகிறேன் என்றதும் பக்கத்து வீட்டு அம்மாள், "பத்மநாபசாமிகிட்ட எங்களுக்கும் சேத்து வேண்டிக்கோ" என்றாள். எதிர் வீட்டு அம்மாள் நேந்திரங்காய் வறுவலுக்குச் சொல்லிவைத்தாள். எதற்காகப் போகிறோம் என்று இருவரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். ஒரு பழைய பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், அதை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பஸ் ஏறித் திரும்பி வருவதுதான் திட்டம்.

என் கணவர் பாளையங்கோட்டையில் பாங்கு குமாஸ்தா. எங்களுக்கு வயல் இல்லை, கடை இல்லை, ஏற்றி இறக்க ஒரு மூட்டை இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் பிக்கப் எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. மாஞ்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் அந்த வண்டியை இவர் பார்த்தார். அன்று பிடித்தது பைத்தியம். நடுவில் கம்பி வைத்து இரண்டாகப் பிரித்த முன்கண்ணாடி, காலால் மிதிக்கிற ஸ்டார்ட்டர், பின்னால் மரப்பலகைத் தளம். நாற்பத்தேழாம் வருஷத்து மாடல். "நம்ம சுதந்திரத்தோட வயசு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். சுதந்திரத்துக்காவது வருஷத்துக்கு ஒரு நாள்தான் கொண்டாட்டம். இதற்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணெய், துணி, பூஜை.

எனக்கு வேண்டியது அது நின்ற ஷெட். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். ஒரு வக்கீல் ஆபீசில் வருஷக்கணக்காக அடுத்தவர் சண்டையை அடித்துக்கொண்டிருந்தேன். சொந்தமாக ஒரு இன்ஸ்டிடியூட் வைக்கவேண்டும் என்று ஆசை. தெருவைப் பார்த்த ஷெட், நல்ல வெளிச்சம், பக்கத்திலேயே பெண்கள் பள்ளிக்கூடம். அந்த இடத்தில் நாற்பத்தேழு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போனது. பிறகு ஒருநாள் சாப்பிடும்போது இவராகவே, "திருவனந்தபுரத்துல மணி சார்னு ஒருத்தரு, பழைய பிக்கப் பைத்தியம், ரொம்ப நாளா கேக்காரு. குடுத்துருவோம் சரசு, நீ இன்ஸ்டிடியூட் வையி" என்றார். சொல்லும்போது தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் மோர் ஊற்றினேன்.

நாகர்கோவில் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. இந்த வண்டியின் வைப்பர் இன்ஜின் இழுக்கிற காற்றில் ஓடுவது. ஏற்றத்தில் நின்றுவிடும், இறக்கத்தில் பேய் பிடித்ததுபோல் ஆடும். ஏற்றம் வரும்போதெல்லாம் நான் ஜன்னல் வழியே கையை நீட்டிக் கண்ணாடியைத் துடைத்தேன். எதிரே வந்த லாரிக்காரர்கள் நான் டாட்டா காட்டுவதாக நினைத்துத் திருப்பிக் காட்டினார்கள்.

திருவனந்தபுரத்துக்குள் நுழைகிற கரமனைப் பாலத்தில் வண்டி இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது. பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன. அந்த நேரம் பார்த்துக் கொடி பிடித்த ஊர்வலம் ஒன்று பாலத்தில் ஏறியது. எங்கள் ஊரில் ஊர்வலம் வந்தால் வண்டிதான் ஒதுங்கவேண்டும். இங்கே அவர்கள் கொடிகளைச் சுருட்டி எங்கள் வண்டியின் பின்பலகையில் போட்டுவிட்டுத் தள்ளத் தொடங்கினார்கள். கோஷம் நிற்கவில்லை. "சிந்தாபாத்" என்று முடியும்போதெல்லாம் ஒரு தள்ளு. ஜன்னலோரம் நடந்து வந்த ஒருவர் என்னிடம் ஆசையாக, "வண்டி ஏது கொல்லத்தெயா?" என்று கேட்டார். மலையாளம் பாதி தமிழ்தானே, எனக்கு நன்றாகப் புரியும் என்று வீட்டில் பீற்றிக்கொண்டு வந்தவள் நான். "கொல்லம் இல்லீங்க, திருநெல்வேலி" என்றேன். தள்ளுகிற அத்தனை பேரும் சிரித்தார்கள். கொல்லம் என்றால் வருஷம் என்று இவர்தான் சொன்னார். எந்த வருஷத்து வண்டி என்று கேட்டிருக்கிறார்.

அவர்கள் தள்ளிக்கொண்டு வந்து விட்ட கிள்ளிப்பாலத்தில் மணி சார் காத்திருந்தார். கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் வீடு, கணக்கு ஆபீசில் வேலை. நெற்றியில் விபூதி, கையில் குடை. எங்களைப் பார்க்குமுன் வண்டியைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தார். பானெட்டின் ஓரத்தைத் தொட்டார், கதவுக் கைப்பிடியைத் தொட்டார். பிறகுதான் நான் கண்ணில் பட்டேன்.

"வாங்கோ, வாங்கோ! நின்னுபோச்சாக்கும்? சாரமில்லை, கவலைப்படாதேள். இங்க தங்கப்பன் வொர்க்‌ஷாப் இருக்கு, விட்டுடலாம். அவன் நன்னா நோக்குவான்" என்றார்.

வண்டியை அங்கே விட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனோம். மணி சாரின் மனைவி, மாமி, கல்லிடைக்குறிச்சியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். எங்கள் பக்கத்துக்காரர் என்றதும் எனக்குப் பாதிக் கூச்சம் போய்விட்டது. இலையில் எரிசேரி, மொளகூட்டல், காளன். குடிக்கக் கொடுத்த வெந்நீர் இளஞ்சிவப்பாக இருந்தது. எங்கள் வண்டி ரேடியேட்டரில் வருவதும் அதே நிறம் என்பதால் கொஞ்சம் தயங்கினேன். பதிமுகம் என்ற மரத்தின் சீவல் போட்டதாம், ரத்தத்துக்கு நல்லதாம். தேங்காய் எண்ணெய்ச் சமையல் எனக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை எரிசேரி வாங்கினேன்.

மறுநாள் மணி சார் தன் வண்டியைக் காட்ட எங்களை ஆரியசாலைக்கு அழைத்துப் போனார். அக்கிரகார வீட்டில் பிக்கப் நிறுத்த ஏது இடம்? எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் வற்றல் மிளகாய்க் கடைக்குப் பின்னால், கோடவுனில் வைத்திருந்தார். பச்சை நிறத்தில் நாற்பத்தொன்பதாம் வருஷத்து மாடல் ஒன்று. அருகில் ஒரு டாக்டருடைய ஐம்பத்திரண்டு. மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே பார்த்தோம். பின்தளப் பலகைக்குத் தேக்கா, அயினியா என்று ஆண்கள் இருவரும் பேச ஆரம்பித்தார்கள். அயினி தண்ணீர் தாங்கும், தேக்கு கண்ணுக்கு அழகு. என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேச்சுவார்த்தை நடந்ததாக நினைவில்லை.

இந்தப் பைத்தியக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வண்டியின் வருஷத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். டாக்டர், 'அம்பத்திரண்டு'. நெடுமங்காட்டில் பேக்கரி வைத்திருக்கும் அந்தோணி, 'அம்பத்தாறு'. டாக்டர் தன் வண்டியை அதிகம் ஓட்டுவதில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரி முடிந்து வந்து, அதில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு வீட்டுக்குப் போவார். அன்றும் வந்தார். என்னைப் பார்த்துக் கைகூப்பி, "நால்பத்தேழின்றெ பார்யயாணல்லே?" என்றார். இத்தனை வருஷம் நான் சரசுவாக, குமாஸ்தா வீட்டம்மாவாக, டைப்பிஸ்ட் அம்மாவாக இருந்திருக்கிறேன். நாற்பத்தேழின் மனைவி ஆனது அங்கேதான்.

அதற்கடுத்த நாள் அம்பத்தாறின் வண்டியைப் பார்க்க இவரை நெடுமங்காட்டுக்கு அழைத்துப் போய்விட்டார் மணி சார். நான் சாலைக் கடைவீதியில் வறுவல் வாங்கினேன். வண்டியில் என் டிபன் கேரியரை விட்டுவிட்டேன் என்பது அப்போது நினைவுக்கு வர, அப்படியே கிள்ளிப்பாலம் வரை நடந்தேன்.

வொர்க்‌ஷாப் வாசலில் எங்கள் வண்டியின் பானெட் மட்டும் ஒரு தென்னை மரத்தில் சாய்ந்து நின்றது. பக்கத்தில் ஒரு கதவு. என் டிபன் கேரியர் பத்திரமாக ஒரு ஸ்டூலின்மேல் இருந்தது. வண்டியைக் காணோம்.

"வண்டி எங்கே?" என்று தங்கப்பனிடம் கேட்டேன்.

"வண்டி அழிச்சு, சேச்சி" என்றான், சாதாரணமாக.

"அழிச்சாச்சா? முழுசாவா?"

"முழுவன். ஒரு நட்டு போலும் பாக்கியில்ல." அதில் அவனுக்குப் பெருமை வேறு. "மணி சாறு இன்னலெ வந்நு பறஞ்ஞு, முழுவன் அழிச்சோளான்."

"ஐயோ, எதுக்கு?"

"பழயதல்லே சேச்சி? அழிக்காதெ பற்றில்லா."

பழசாம், அழிக்காமல் முடியாதாம். மணி சாரே வந்து சொன்னாராம். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன், முதலில் எனக்குத் தோன்றியது ஷெட்தான். விட்டது தொல்லை, இனி யாரும் வண்டியைத் திருப்பி அனுப்பமுடியாது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே சாலை வழியாக நடந்தேன். பழவங்காடிப் பிள்ளையார் வரும்போது என் கண்ணில் நீர் ஒழுகுகிறது என்று தெரிந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது. அந்தத் தகரத்தை எத்தனை தரம் திட்டியிருப்பேன்! என் பையனைப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது அதில்தான். கரன்ட் போன கோடை ராத்திரிகளில் பாய் விரித்துப் படுத்தது அதன் பின்பலகையில்தான். இதையெல்லாம் விட, இவரிடம் எப்படிச் சொல்வது?

மாமி இரண்டு தரம் கேட்டும் சொல்லவில்லை. தலைவலி என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் இருவரும் திரும்பினார்கள். மணி சார் கையில் அம்பத்தாறு கொடுத்த பிளம் கேக். என்னால் அடக்கமுடியவில்லை.

"உங்களை நம்பித்தானே சார் விட்டோம்? வண்டியை அழிச்சுட்டீங்களே!"

மணி சார் சந்தோஷமாக, "ஆமா, நான்தான் அழிக்கச் சொன்னேன். தங்கப்பன் அதுக்குள்ள அழிச்சுட்டானா? கெட்டிக்காரன்!" என்றார்.

இவர் முகத்தில் ரத்தமே இல்லை. "முழுசாவா?" என்று என்னைத்தான் கேட்டார்.

"ஒரு நட்டுகூட பாக்கி இல்லையாம்."

"அழிச்சால் முழுக்க அழிக்கணும், கேட்டேளா" என்றார் மணி சார். "அரைகுறையா அழிச்சு ஒரு பிரயோஜனமும் இல்லை."

இவர் ஊஞ்சல் பலகையில் மெதுவாக உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வைத்தார். பிறகு என்னிடம், "சரி விடு சரசு, அழாத. எப்படியும் குடுக்கத்தானே வந்தோம்? ஊருக்குப் போனதும் நீ போர்டு எழுதச் சொல்லிரு" என்றார். குரல் மட்டும் அவருடையதாக இல்லை. எனக்கு ஓவென்று அழுகை வந்துவிட்டது.

சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து மாமி வந்தார். எல்லார் முகத்தையும் பார்த்தார், சாவியைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன்னா! அவா திருநெல்வேலிக்காரா! அவாளுக்கு அழிக்கறதுன்னா நாசம் பண்றது!"

மணி சார் விழித்தார். "பின்னே உங்க ஊர்ல அழிச்சுபணிக்கு என்ன சொல்லுவேள்?"

"பிரிச்சு மாட்டறதும்பா!" என்று சொல்லிவிட்டு மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இங்க அழிக்கறதுன்னா அவுக்கறது, கழட்டறது. வண்டியைக் கழட்டித் துடைச்சுத் திருப்பிப் பூட்டினா அழிச்சுபணி. நான் கல்யாணமாகி வந்த புதுசுல மாமியார், 'முடியை அழிச்சுக் கெட்டு'ன்னார். அவுத்துக் கட்டுன்னு அர்த்தம். நானோ மொட்டை அடிக்கச் சொல்றார்னு நினைச்சு, ராத்திரி முழுக்க ஒப்பாரி வெச்சேன்."

சிரித்ததில் மணி சாருக்குப் புரையேறியது. இவர் சிரிக்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் வாசலில் இறங்கிவிட்டார். ஆட்டோ பிடித்து நாங்களும் பின்னாலேயே போனோம்.

வொர்க்‌ஷாப்பின் பின்கட்டில் சாக்குகள் விரித்திருந்தன. அவற்றின்மேல் எங்கள் வண்டி முழுவதும் கிடந்தது. பிஸ்டன், வால்வு, சின்னப் பெரிய நட்டுகள் எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி, தீபாவளிப் பலகாரம்போல் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். இவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். தங்கப்பனுக்கு விஷயம் சொல்லப்பட்டதும், "என்றெ பகவானே, சேச்சி கரஞ்ஞுகொண்டா போயது?" என்று வருத்தப்பட்டான். அழுதுகொண்டா போனீர்கள் என்று கேட்கிறான். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அந்த ஊரில் நான் குடித்த மிக நல்ல டீ அதுதான்.

அதன்பின் இவர் வொர்க்‌ஷாப்பே கதி என்று கிடந்தார். நான் மாமியோடு ஊர் சுற்றினேன். மியூசியம் பார்த்தோம், மிருகக்காட்சிசாலையில் நீர்யானை பார்த்தோம். போளியைப் பாயசத்தில் ஊறவைத்துச் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் போளிக்கு நெய் விடுவதோடு சரி, அதைப் பாயசத்தில் முக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. பஸ்ஸில் பெண்கள் மடியில் பேப்பர் விரித்துப் படிப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இந்த ஊரில் இன்ஸ்டிடியூட் வைத்தால் இடம் பற்றாது.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்குமுகம் கடற்கரை. நான்கு பிக்கப்புகள் வரிசையாக நின்றன. பச்சை நாற்பத்தொன்பது, டாக்டரின் ஐம்பத்திரண்டு, பேக்கரிக்காரரின் ஐம்பத்தாறு. கடைசியில் எங்கள் நாற்பத்தேழு, ஓடவிட்டால் சத்தமே கேட்காத அளவுக்குச் சாதுவாகியிருந்தது. அம்பத்தாறு தன் பின்பலகையிலிருந்து எல்லாருக்கும் பன் எடுத்துக் கொடுத்தார். பார்க்கக் கூட்டம் கூடியது. மீன்காரப் பெண்மணி ஒருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு, "இதில் எத்தனை கூடை ஏறும்?" என்று மலையாளத்தில் கேட்டாள். அங்கே வந்தவர்களில் அந்த வண்டிகளைச் சரியாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

பன் தின்று முடித்ததும் டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டார். வண்டி கைமாறும்போது இவர்களிடம் ஒரு முறை இருக்கிறதாம். சாவியை விற்பவன் கையிலிருந்து வாங்கமாட்டார்கள், அவன் மனைவி கையிலிருந்துதான் வாங்குவார்கள். முன்பு ஒருவர் வண்டியை விற்றுவிட்டு மறுநாளே வாங்கினவர் வீட்டு வாசலில் வந்து படுத்துக்கொண்டாராம். அதிலிருந்து இந்த விஷயத்தில் ஆண்பிள்ளை வார்த்தையை நம்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

இவர் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். மணி சார் வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். எத்தனையோ நாளாக ஆசைப்பட்ட மனிதர், பாவம்.

கொடுத்தால் ஷெட் என்னுடையது. அதற்குத்தான் இத்தனை தூரம் வந்தேன். ஆனால் அந்த வண்டி இல்லாத வீட்டில் நான் ஏற்கெனவே ஒரு சாயங்காலம் வாழ்ந்து பார்த்துவிட்டேன். ஊஞ்சலில் உட்கார்ந்து 'போர்டு எழுதச் சொல்லிரு' என்றவரைப் பார்த்துவிட்டேன். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு என்னால் இன்ஸ்டிடியூட் நடத்தமுடியாது. கையை மூடிக்கொண்டேன்.

"மன்னிச்சுக்கோங்க சார். குடுக்க மனசு வரலை."

மணி சாரின் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். அவர் அதை மறைக்கவும் இல்லை. நீட்டின கையால் பானெட்டைத் தொட்டார். பிறகு, "சரிதான். எனக்கு அன்னிக்கே தெரியும், நீங்க அழுதபோதே" என்றார். "ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமோ?"

சாவியை அவர் கையில் கொடுத்தேன். கடற்கரைச் சாலையில் அந்தக் கோடிவரை போய், திரும்பி வந்து, மறுபடியும் போனார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

இவர் என் பக்கத்தில் வந்து நின்றார். நானே சொன்னேன். "ஷெட் எனக்குத்தான். அதுல மாத்தமில்ல. வண்டி வெளிய வேப்பமரத்தடியில நிக்கட்டும். தார்ப்பாய் போட்டு மூடுறது உங்க பாடு." பாங்கில் மேனேஜருக்குத் தலையாட்டுவதைவிட வேகமாகத் தலையாட்டினார்.

திங்கட்கிழமை கிளம்பினோம். மாமி இலையில் கட்டிய புளிசாதம் கொடுத்தார். மழை இல்லை. நெய்யாற்றின்கரை தாண்டும்வரை இவர் இன்ஜின் ஓடுகிற அழகை ரசிக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

களியக்காவிளை நெருங்கும்போது, ரோட்டைப் பார்த்தபடியே, "ஆறு மிஷின் போடலாம். ஜன்னல் ஓரமா ரெண்டு, சுவரோரமா நாலு. உன் மேஜை வாசலைப் பாத்து" என்றார்.

"எப்ப அளந்தீங்க?"

"கிளம்புறதுக்கு முந்தின நாளு. வண்டியை வெளிய எடுத்து நிறுத்திட்டு அளந்தேன்."

அன்று ஷெட்டுக்குப் போனவரை வெகுநேரம் காணாமல், கடைசியாக ஒரு தடவை வண்டியைத் தடவிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, நான் அடுப்படியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏழு போடலாம்" என்றேன்.